பூலில் தண்ணீர் குறைகிறதா? டைல்ஸில் கை வைக்கும் முன் அளந்து பாருங்கள்

நீலாங்கரையிலிருந்து கோவளம் வரைக்கும், ஈசிஆர் ஓரத்து வீடுகளில் ஸ்விம்மிங் பூல் பராமரிப்பதுதான் என் தொழில். மார்ச் பிறந்துவிட்டால் போதும், போன் வரத் தொடங்கிவிடும். "தம்பி, பூல்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. போன வாரம்தான் ஒரு லாரி அடிச்சோம்." அதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் இதுதான்: "கான்ட்ராக்டர் வந்து பார்த்தாரு. மொத்த டைல்ஸையும் பேத்துட்டு புதுசா வாட்டர் புரூஃபிங் பண்ணணுமாம்."

எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது, மோட்டார் ஓடும்போது குறைகிறதா நிற்கும்போதா, எதையும் பார்க்காமல் சொல்கிற வைத்தியம் அது. செலவு லட்சத்தில் போகும். கசிவு பைப்பில் இருந்தால், புது டைல்ஸ் ஒட்டிய பிறகும் தண்ணீர் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பெயின்ட் வாளி, ஒரு ஸ்கேல், மார்க்கர் பேனா, ஊசி இல்லாத சிரிஞ்சு, கொஞ்சம் கேசரி பவுடர். இவ்வளவு இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பல வீடுகளில் வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் உங்கள் பூலின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கினால் வருகிற எண்தான், ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் எத்தனை லிட்டர் போனது என்பதற்கான விடை. 8 மீட்டருக்கு 4 மீட்டர் பூல் என்றால் 32 சதுர மீட்டர், ஒரு மி.மீ. குறைந்தால் 32 லிட்டர். அரை அங்குலம் என்றால் ஏறத்தாழ 400 லிட்டர். தினம் அரை அங்குலம் குறைகிற பூலுக்கு மாதம் ஒரு 12,000 லிட்டர் லாரி தேவைப்படும். ஆழம் இந்தக் கணக்கில் வரவே வராது. "நம்ம பூல் ஆழம் ஜாஸ்தி, அதான் நிறைய குறையுது" என்று சொல்கிறவர்களை நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

குறைகிற தண்ணீர் எல்லாமே கசிவு இல்லை. சென்னைப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் கடல்காற்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 முதல் 8 மி.மீ. வரைகூட ஆவியாக்கிவிடும். மேலே சொன்ன பூலுக்கு இது மாதம் அரை லாரிக்கு மேல் வரலாம். கசிவே இல்லாத பூலுக்கும் இந்தச் செலவு உண்டு. வெயிலைவிடக் காற்றைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மதில் உயரமாக இருக்கிற வீட்டிலும், கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிற வீட்டிலும் ஒரே அளவு பூல் ஒரே மாதிரி குறையாது. சுவரிலிருந்து தண்ணீர் கொட்டுகிற அலங்கார அருவி வைத்திருந்தால் இன்னும் கூடும். அழகுக்காக அதை நாள் முழுக்க ஓடவிட்டு, லாரிக்காரரிடம் போய்ச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். முதல் வேலை, தானாகத் தண்ணீர் நிரப்புகிற லைன் இருந்தால் அதன் கேட் வால்வை மூடுவது. மேல்தொட்டியிலிருந்தோ போரிலிருந்தோ வருகிற பைப்பில் ஒரு மிதவை வால்வு இருக்கும். தண்ணீர் குறைந்த அடுத்த நிமிடமே அது நிரப்பிவிடுவதால், மாதக்கணக்கில் கசிந்தாலும் மட்டம் மாறவே மாறாது. வீட்டுக்காரர் கண்ணில் படுவது கரன்ட் பில் மட்டும்தான். இல்லாவிட்டால் டைல்ஸில் வெள்ளையாக உப்பு படிவதும், எவ்வளவு போட்டாலும் குளோரின் நிற்காததும். போர்த் தண்ணீர் சதா உள்ளே வந்துகொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும்.

வால்வை மூடிய பிறகு வாளி சோதனை. 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, உள்ளே ஒரு கருங்கல்லைப் போட்டு, பூலின் படிக்கட்டில் வையுங்கள். வாளியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தெரிய வேண்டும். பூல் தண்ணீரையே மொண்டு, வெளியே நிற்கிற மட்டம் வரைக்கும் உள்ளேயும் நிரப்புங்கள். வாளியின் உள்பக்கம் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு. உள்கோடு வாளித் தண்ணீருக்கு, வெளிக்கோடு பூல் தண்ணீருக்கு. 24 மணி நேரம் யாரும் குளிக்கக் கூடாது. படிக்கட்டு இல்லாத பூல் என்றால் ஏணியில் வாளியைக் கட்டிவிடலாம், ஆனால் ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும்.

வாளியை ஏன் தரையில் வைக்காமல் தண்ணீருக்குள் வைக்கிறோம் என்று கேட்பார்கள். தரையில் வைத்தால் வெயிலில் வாளி சூடேறி, பூலைவிட வேகமாக ஆவியாகும். உள்ளே வைத்தால்தான் இரண்டு தண்ணீருக்கும் ஒரே சூடு, கிட்டத்தட்ட ஒரே காற்று.

மறுநாள் அதே நேரத்துக்கு ஸ்கேலை வைத்து இரண்டு கோட்டிலிருந்தும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வாளியில் 6 மி.மீ., பூலில் 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு வெயிலுக்கு, மிச்சம் எட்டு கசிவுக்கு. 32 சதுர மீட்டர் பூலில் அது நாளுக்கு 256 லிட்டர். இரண்டும் ஒன்றாக இறங்கியிருந்தால் உங்கள் பூலில் கோளாறு இல்லை, நிம்மதியாகக் குளிக்கலாம். ஒன்று இரண்டு மி.மீ. வித்தியாசத்தை நம்பாதீர்கள், அது நாம் ஸ்கேலைப் பிடிக்கிற கோணத்திலேயே வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் மூன்று நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். உண்மையான கசிவு என்றால் வித்தியாசம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். நடுவில் மழை பெய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், ஏனென்றால் பூலைச் சுற்றியுள்ள தரையிலிருந்து வழிந்து வருகிற மழைத் தண்ணீர் வாளிக்குள் போகாது. நாய் வளர்க்கிற வீட்டில் நாயையும் கட்டிப்போடுங்கள், காக்கா வந்து குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும்.

இதே சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒரு முறை 24 மணி நேரமும் மோட்டார் நிற்க, இன்னொரு முறை 24 மணி நேரமும் மோட்டார் ஓட. விஷயமே இங்கேதான் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது கசிவு கூடினால், ஃபில்டரைத் தாண்டி அழுத்தத்தோடு தண்ணீர் பூலுக்குத் திரும்பி வருகிற பைப்பில் பிரச்சினை. அல்லது ஃபில்டரைக் கழுவிய அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுகிற பேக்வாஷ் பைப் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. மோட்டார் நிற்கும்போது கசிவு கூடினால், மோட்டாருக்குத் தண்ணீர் இழுத்துப் போகிற பைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளே வரும். அதற்கு அடையாளம், தண்ணீர் பூலுக்குள் வருகிற வாயில் முட்டை முட்டையாகக் குமிழி வருவதும், மோட்டார் முன்னால் இருக்கிற கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் நிறையாமல் காற்று சுற்றுவதும். ஓடினாலும் நின்றாலும் ஒரே அளவு குறைந்தால் பைப்பை விட்டுவிட்டு பூலின் உடம்பைப் பாருங்கள்.

இவ்வளவும் ஸ்கிம்மர், அதாவது மேல்மட்டத் தண்ணீரை இழுத்துக்கொள்கிற சுவர் வாய், வைத்த பூலுக்குப் பொருந்தும். ஓவர்ஃப்ளோ பூல், அதாவது நாலு பக்கமும் தண்ணீர் வழிந்து காடியில் விழுகிற மாதிரி கட்டியது, வேறு ரகம். மோட்டார் ஓடும்வரை பூலின் மட்டம் விளிம்பிலேயே நிற்கும். குறைகிறது எல்லாம் தரைக்கடியில் இருக்கிற பேலன்சிங் டேங்கில்தான் தெரியும். அதனால் மோட்டாரை நிறுத்தி, வால்வுகளை மூடி, பூலைத் தனியாகவும் டேங்கைத் தனியாகவும் அளக்க வேண்டும். டேங்குக்கு ஒரு மூங்கில் குச்சி போதும், நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

பனையூரில் ஒரு ஓவர்ஃப்ளோ பூல். இரண்டு பேர் வந்து பார்த்து, இரண்டு பேருமே காடியை உடைக்க வேண்டும் என்று கொட்டேஷன் கொடுத்திருந்தார்கள். பகலில் எல்லாவற்றையும் அளந்தேன், பூலும் நின்றது, டேங்கும் நின்றது. இரவில் மோட்டார் நிற்கிற நேரத்துக்கு டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மோட்டார் நின்றதும் விளிம்புக்கு மேலே நிற்கிற மெல்லிய படலமும், காடியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் மொத்தமாக டேங்குக்குத் திரும்பும். டேங்கில் இடம் இருந்தால் அது அங்கே தங்கி, காலையில் திரும்ப மேலே போகும். ஆனால் அந்த வீட்டில் மிதவை வால்வை உயரத்தில் வைத்திருந்தார்கள். மோட்டார் ஓடும்போதே போர்த் தண்ணீர் வந்து டேங்கை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பிவிடும். இரவில் திரும்பி வருகிற தண்ணீருக்கு இடமில்லை. நேராக மேல்வழி பைப்பில் ஏறிச் சாக்கடைக்குப் போனது. காலையில் மோட்டார் போட்டதும் டேங்க் குறையும், வால்வு திறக்கும், போர் ஓடும். தினமும் இதே கதை.

மிதவையின் கம்பியைக் கீழே வளைத்து, டேங்கின் அடிப்பாகத்தில் மட்டும் தண்ணீர் பிடிக்கிற மாதிரி வைத்தோம். அவ்வளவுதான் வேலை. ஆட்கள் இறங்கினாலும் இதே கணக்குதான். 60 கிலோ ஆள் முழுவதுமாக முங்கினால் ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு டேங்குக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து சொந்தக்காரர்கள் ஒன்றாக இறங்கினால் 600 லிட்டருக்கு டேங்கில் காலி இடம் வேண்டும். இல்லாவிட்டால் அது போனது போனதுதான்.

பூலின் உடம்பில்தான் கசிவு என்று தெரிந்துவிட்டதா? அடுத்து, மோட்டாரை அணைத்துவிட்டு மட்டம் எங்கே போய் நிற்கிறது என்று காத்திருந்து பாருங்கள். கசிவு இருக்கிற உயரம் வரைக்கும் தண்ணீர் இறங்கும், அதற்குக் கீழே போனதும் வேகம் குறைந்து ஆவியாகிற அளவு மட்டும் இறங்கும். ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே நின்றால், ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தைப் பாருங்கள். அந்த இணைப்பு விடுவது ரொம்பச் சாதாரணம். தண்ணீர் வருகிற வாய்க்கு நேராக நின்றால் அந்த பைப் இணைப்பு. விளக்கின் உயரத்தில் நின்றால் விளக்கு. எங்கேயும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் தரையோ, தரையிலிருந்து தண்ணீரை இழுக்கிற மெயின் டிரெயினோ. மட்டம் ஸ்கிம்மருக்குக் கீழே போன பிறகு யாரும் மறந்துபோய் மோட்டாரைப் போட்டுவிடக் கூடாது, தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் எரிந்துவிடும். டைமர் இருந்தால் அதையும் அணைத்து, சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மோட்டார் ஓடாத நாட்களில் குளோரினைக் கரைத்துக் கையாலேயே ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாலு நாளில் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீருக்கடியில் இருக்கிற விளக்குக்கு ஒயர் வருகிற குழாய் சுவருக்குள்ளே போய், மேலே ஒரு ஜங்ஷன் பாக்ஸில் முடியும். விளக்கு உட்காருகிற குழியில் எப்போதும் தண்ணீர் இருக்கும், அது இயல்பு. அந்தக் குழியிலிருந்து ஒயர் குழாய்க்குள் போகிற வாயைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தால், குழாயில் இருக்கிற ஏதாவது ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். வெளியே ஈரமும் தெரியாது, டைல்ஸில் கீறலும் இருக்காது. மட்டம் விளக்கருகே நின்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் விளக்கைத் தொடும் முன் அதன் எம்சிபியை இறக்கிவிட்டு, இறக்கியதை இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றி அடைக்கிற வேலையை எலக்ட்ரீசியனிடம் விடுவதே நல்லது.

இடம் சந்தேகமாகத் தெரிந்தபின் கேசரி பவுடர். கடையில் இதற்கென்று சாயம் விற்கிறார்கள், ஆனால் நீல டைல்ஸில் கேசரி பவுடரின் சிவப்பு எனக்குப் போதும். பூல் தண்ணீரிலேயே கெட்டியாகக் கரைத்து சிரிஞ்சில் ஏற்றுங்கள். மோட்டாரை நிறுத்தி அரை மணி நேரமாவது தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு மெதுவாக இறங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சந்தேகமான விரிசலுக்கு ஓர் அங்குலம் தள்ளிச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கசிவு இருந்தால் ஊதுபத்திப் புகை ஜன்னல் இடுக்கைத் தேடிப் போவது போல சிவப்புக் கோடு உள்ளே இழுபடும். இல்லாவிட்டால் அங்கேயே கலங்கி நிற்கும். அவசரப்பட்டு அழுத்தினால் சாயம் தானாகவே எல்லாப் பக்கமும் பரவும், அதைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஸ்கிம்மரின் விளிம்பு, தண்ணீர் வருகிற வாய்கள், அடியைச் சுத்தம் செய்கிற குழாயை மாட்டும் வாக்குவம் பாயின்ட், விளக்கின் வளையம், படிக்கட்டும் சுவரும் சேருகிற மூலை, டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட் உதிர்ந்த இடங்கள், இந்த வரிசையில் போவது என் பழக்கம். டைல்ஸ் நடுவே மயிரிழையாகத் தெரிகிற கீறல்கள் பலவும் மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கும், சாயம் அங்கே அசையாது. அதைக் காட்டித்தான் பல கொட்டேஷன் எழுதப்படுகிறது.

மெயின் டிரெயினைச் சோதிக்க அடிவரை முங்க வேண்டும். மோட்டார் ஓடும்போது அதன் பக்கத்திலேயே போகக் கூடாது. தலைமுடியையோ கையையோ இழுத்துப் பிடித்தால் பெரியவர்களாலேயே விடுவித்துக்கொள்ள முடியாது. மோட்டார் சுவிட்சை அணைத்து, மேலே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

பைப் பக்கம் சந்தேகம் வந்தால் முதலில் பம்ப் ரூம். பேக்வாஷ் பைப் சாக்கடையில் முடிகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். மோட்டார் சாதாரணமாக ஃபில்டரில் ஓடும்போது அந்த பைப் காய்ந்து கிடக்க வேண்டும். நூல் மாதிரி தண்ணீர் ஓடினால், ஃபில்டர், பேக்வாஷ் என்று தண்ணீரின் வழியை மாற்றுகிற ஆறு நிலை வால்வுக்குள் இருக்கிற ரப்பர் கேஸ்கெட் போய்விட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வால்வின் கைப்பிடியைத் திருப்புகிற வீட்டில் இது சீக்கிரமே நடக்கும். வாட்ச்மேன் அண்ணனிடம் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். பேக்வாஷ் செய்கிற நேரத்தையும் கேளுங்கள். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கிற மோட்டாரில் ஐந்து நிமிடம் பேக்வாஷ் என்றால் 800 லிட்டருக்கு மேல் போகும், நம் 32 சதுர மீட்டர் பூலில் ஓர் அங்குலம். தினமும் அதைச் செய்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிற மாதிரித் தெரியும் என்பதற்காக.

பம்ப் ரூமில் எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆனாலும் பைப்பில்தான் குறைகிறது என்றால் மண்ணுக்கடியில் கசிவு. அதற்கு ஒவ்வொரு லைனையும் இரண்டு பக்கமும் அடைத்துத் தனித்தனியாக அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இது வீட்டில் செய்கிற வேலை இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள். கையால் அடிக்கிற பம்பில் தண்ணீரை ஏற்றிச் செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்றை ஏற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள், அடைப்பு பிய்த்துக்கொண்டால் தோட்டா மாதிரி பறக்கும். எந்த லைன் என்று தெரிந்தபின் அந்த லைன் மேலே இருக்கிற தரையை மட்டும் தோண்டினால் போதும். தென்னையோ பாதாமோ அருகில் இருந்தால் வேர்ப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்க பூல் தண்ணி எங்க மதில்ல ஊறுது" என்று சொன்னால், சண்டைக்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். குளோரின் பார்க்கிற மஞ்சள் சொட்டு மருந்தை விடுங்கள். மஞ்சளானால் கட்டாயம் சந்தேகிக்க வேண்டியது பூலைத்தான். நிறம் மாறாவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது, மண் வழியாக வரும்போதே குளோரின் போய்விடும். அப்போது ஆர்ஓ சர்வீஸ் ஆளிடம் இருக்கிற பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) வாங்கி பூல், போர், ஊறல் மூன்றையும் அளந்து, ஊறல் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.

ஸ்கிம்மர் இணைப்பு, சிறு ஓட்டை, விளக்கின் குழாய் வாய் இவற்றைத் தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற எபாக்ஸி மாவைப் பிசைந்து அடைக்கலாம். மட்டத்தை இறக்கக்கூடத் தேவையில்லை. பெரிய விரிசல், தரை, காடி என்றால்தான் பூலைக் காலி செய்கிற பேச்சே வரும். அங்கேதான் எங்கள் ஈசிஆர் பக்கத்தில் ஜாக்கிரதை வேண்டும்.

இங்கே மண் மணல், கடல் பக்கத்தில். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் நிலத்தடி நீர் மளமளவென்று மேலே வரும். கோடையில் கசிந்த பூல் அந்த மாதங்களில் தானாகவே நின்ற மாதிரித் தெரியும். வெளியிலும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர், இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் கசிவுக்கு வேகம் இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பி விட்டுவிடுவார்கள், மார்ச்சில் மறுபடியும் போன் வரும். இதைவிட மோசம், அந்த மாதங்களில் ரிப்பேருக்கென்று பூலைக் காலி செய்வது. உள்ளே தண்ணீரின் எடை இல்லாவிட்டால் கீழே நிற்கிற நீர் முழுத் தொட்டியையும் மேலே தள்ளும். தரை வெடிக்கும், பைப் இணைப்புகள் பிய்ந்துபோகும், சில பூல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். அப்படி ஆனதை ஒட்டுப்போட முடியாது.

காலி செய்கிற வேலையை மே முதல் ஆகஸ்ட் வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நல்ல மழை பெய்த வாரம் என்றால் தொடங்கும் முன் வீட்டுக் கிணற்றில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கிணறு இல்லாத வீடென்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் பூலின் அடிமட்டத்தைவிட உயரத்தில் நின்றால், கான்ட்ராக்டர் ஆட்களோடு வந்து வாசலில் நின்றாலும் அன்றைக்கு மோட்டார் போட்டு இறைக்க விடாதீர்கள்.